‘முடியவில்லை’ என்றால் எது முடியவில்லை? முதியோரும் அவர்களின் வளர்ப்புப் பிராணிகளும்

எண்பது வயதை நெருங்கும் ஒருவர் நாயோ பூனையோ வளர்த்துவந்தால், அவரைச் சுற்றி இரண்டு பேச்சுகள் ஓடிக்கொண்டே இருக்கும். “அது இருப்பதால்தான் அம்மா எழுந்து நடமாடுகிறார்” என்பார் ஒருவர். “அது காலில் சிக்கி விழுந்தால் இடுப்பெலும்பு என்னாவது?” என்பார் இன்னொருவர். செய்திகளும் இதே போக்கில்தான் வருகின்றன. பிராணி வளர்ப்பு இதயத்துக்கு நல்லது என்று ஒரு நாள் படிக்கிறோம். நாயை நடத்திச் செல்லும் முதியோருக்கு எலும்பு முறிவு கூடிவிட்டது என்று மறுநாள் படிக்கிறோம்.

இரண்டும் உண்மையே. குழப்பம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. “இந்த வயதில் பிராணி வளர்க்கலாமா, கூடாதா?” என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது, ஏனென்றால் பிராணி வளர்ப்பு ஒரே வேலை இல்லை. பல வேலைகளின் தொகுப்பு அது. அவற்றில் ஒன்று கைவிட்டுப் போகும்போது முழுப் பிராணியையும் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

வேலைகளைப் பிரித்துப் பார்ப்போம்

1. அன்றாட வேலை: உணவு, தண்ணீர், கழிவை அள்ளுதல்.
2. வலு வேண்டிய வேலை: நாயை நடத்திச் செல்லுதல், குளிப்பாட்டுதல், உணவு மூட்டையையோ பூனையின் கழிவுத் தட்டுக்கான மணல் பையையோ தூக்குதல்.
3. கண்ணும் விரலும் ஒத்துழைக்க வேண்டிய வேலை: நகம் வெட்டுதல், உண்ணி எடுத்தல், மாத்திரை கொடுத்தல், காதைத் துடைத்தல்.
4. பயண வேலை: தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோதல்.
5. செலவு.
6. முடிவெடுக்கும் வேலை: பிராணிக்கு நோய் வந்தால் எந்த அளவுக்குச் சிகிச்சை, தான் படுத்துவிட்டால் அது யாரிடம் போக வேண்டும்.

முதுமை இந்த ஆறையும் ஒரே நாளில் பறிப்பதில்லை. பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் போகும். மூட்டுவலி வந்தவரால் நாயை வெளியே கூட்டிப்போக முடியாமல் போகலாம். ஆனால் வேளை தவறாமல் உணவு வைக்கவும், ரோமம் சீவிவிடவும், அது இன்று ஏதோ சோர்ந்திருக்கிறது என்று மற்ற எவருக்கும் முன்னால் கண்டுபிடிக்கவும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் முதியவர், அலுவலகம் போய்வரும் இளையவரைவிடப் பல வகைகளில் நல்ல வளர்ப்பாளர்.

ஆக, உதவ நினைப்பவர் கேட்க வேண்டியது: எந்த வேலை முடியவில்லை? இந்தக் கேள்வியை அடித்தளமாகக் கொண்டு இயங்கும் அமைப்புகள் உண்டு. பிரிட்டனில் 1985இல் தொடங்கப்பட்ட சினமன் டிரஸ்ட் அவற்றில் முக்கியமானது. முதியோரிடமிருந்து பிராணியைப் பிரிப்பதில்லை என்பதே அதன் நோக்கம். நடக்க முடியாதவரின் நாயைத் தன்னார்வலர் வந்து நடத்திச் செல்வார். உரிமையாளர் மருத்துவமனையில் சேர்ந்தால் பிராணியைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். உரிமையாளர் இறந்துவிட்டால், முன்பே பதிவு செய்திருந்த பிராணிக்கு அமைப்பு ஆயுள் முழுவதும் புகலிடம் தரும். விடுபட்ட கண்ணியை மட்டும் இட்டு நிரப்பும் இந்த முறையை எந்த ஊரிலும் நாலு பேர் சேர்ந்தால் செய்யலாம். பெரிய அமைப்பு வேண்டியதில்லை.

நன்மை பற்றிய ஆய்வுகளை எப்படிப் படிப்பது

1980இல் அமெரிக்காவில் எரிகா ஃபிரீட்மனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி. இதய நோய்க்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள்.

எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் சிறிய ஆய்வு இது. அதோடு ஒரு பழைய சிக்கலும் இருக்கிறது: பிராணியால் உடல்நலம் வந்ததா, உடல்நலம் உள்ளவர்கள்தான் பிராணி வைத்திருக்கிறார்களா? 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பிராணி வளர்ப்பு, குறிப்பாக நாய் வளர்ப்பு, இதய நோய் அபாயம் குறைவதோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றது. இதய நலத்துக்காக மட்டும் பிராணி வாங்க வேண்டாம் என்பதையும் அதே அறிக்கையில் சேர்த்தது. செய்தியாகும்போது முதல் பாதி வரும், இரண்டாம் பாதி உதிர்ந்துவிடும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு வேறு வகையில் பயனுள்ளது. 50 முதல் 80 வயது வரையிலான அமெரிக்கர்களில் 55 சதவீதம் பேரிடம் பிராணி இருந்தது. அவர்களில் 88 சதவீதம் பேர் அது வாழ்க்கையை ரசிக்க உதவுகிறது என்றார்கள். பிராணியால் விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ சொன்னவர்கள் 6 சதவீதம். 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், தங்கள் உடல்நலத்தைவிடப் பிராணியின் தேவைக்கே முதலிடம் தருவதாகச் சொன்னார்கள். தங்கள் உடல்நலம் சுமார் அல்லது மோசம் என்று சொன்னவர்களிடையே இது நான்கில் ஒருவராக உயர்ந்தது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். உடம்பு எவ்வளவு மோசமோ, அவ்வளவு அதிகமாகத் தன்னைவிட்டுப் பிராணியைப் பார்க்கிறார்கள்.

சொல்லாமல் மறைப்பது

பிராணியோடு தனியாக வாழும் முதியவர் பல விஷயங்களை மறைப்பார். விழுந்ததைச் சொல்ல மாட்டார். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவார். மருத்துவமனையில் சேரச் சொன்னால் காரணம் சொல்லாமல் மறுப்பார். தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பிராணிக்கு வைப்பார். பிடிவாதம் என்று வீட்டார் எடுத்துக்கொள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே பயம்தான் இருக்கிறது: வாயைத் திறந்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

பேரிடர்களில் இந்தப் பயம் வெளிப்படையாகத் தெரிந்தது. 2005இல் கத்ரீனா புயலின்போது, மீட்புப் படகுகளிலும் முகாம்களிலும் பிராணிகளுக்கு இடமில்லை என்பதால் வெளியேற மறுத்தவர்கள் பலர். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. மனிதரைக் காப்பாற்றவே பிராணியையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்ற பாடம் அது. ஒரு வீட்டுக்குள்ளும் அதே கணக்குதான். “நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் பத்து நாளும் பூனையை நான் பார்த்துக்கொள்கிறேன், தினமும் படம் அனுப்புகிறேன்” என்று ஒருவர் உறுதி சொன்னால், மாதக்கணக்கில் தள்ளிப்போன சிகிச்சை மறுவாரம் நடந்துவிடும்.

எனவே உதவியின் முதல் விதி, பிராணியைப் பறிப்பதாக மிரட்டாமல் இருப்பது. கோபத்தில், விளையாட்டாகக்கூட வேண்டாம். ஒருமுறை சொன்னாலும் அடுத்த விழுகை உங்கள் காதுக்கு வராது.

ஆபத்து உண்மையில் எங்கே இருக்கிறது

*விழுதல்.* அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001 முதல் 2006 வரையிலான தரவுகளைப் பார்த்தபோது, நாய், பூனை தொடர்பாக விழுந்து அவசர சிகிச்சைக்கு வருவோர் ஆண்டுக்கு 86,000க்கும் அதிகம் என்று கண்டது. இவற்றில் ஏறத்தாழ 88 சதவீதம் நாய்களால். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் 75 வயதைக் கடந்தவர்களே அதிகம் அடிபட்டார்கள். 2019இல் வெளியான இன்னொரு ஆய்வின்படி, கயிற்றில் கட்டிய நாயை நடத்தும்போது எலும்பு முறிந்த 65 வயதுக்கு மேற்பட்டோர் எண்ணிக்கை அமெரிக்காவில் 2004இல் சுமார் 1,670ஆக இருந்தது, 2017இல் சுமார் 4,400 ஆனது. இடுப்பெலும்பு முறிவே அதிகம்.

விழும் விதம் இரண்டு: நாய் இழுப்பதால் விழுவது, காலடியில் கிடக்கும் பிராணி தடுக்கி விழுவது. இரண்டுக்கும் தீர்வு வேறு.

இழுப்பதைக் குறைக்க, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பில் கொக்கி உள்ள மார்புக்கச்சை போடலாம். நாய் முன்னே பாயும்போது அது பக்கவாட்டில் திரும்பிவிடும், இழுவை குறையும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் இடுப்பில் கட்டிக்கொள்வதும் கூடவே கூடாது. கயிறு கையிலிருந்து நழுவினால் நாய் தொலையலாம், தேடிக்கொள்ளலாம். கட்டிய கயிறு ஆளையே சாய்த்துவிடும். நீண்டு சுருங்கும் கயிறும் முதியோருக்கு ஏற்றதன்று: நாய் ஓடி வேகமெடுத்த பிறகு திடீரென்று முட்டி நிற்கும்.

தடுக்கி விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். இரவு கழிப்பறைக்கு எழுந்திருக்கும் நேரம் மோசமான நேரம். ஆள் அசைந்தால் தானாக எரியும் சிறு விளக்கைப் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வையுங்கள். பிராணிக்கு மணி கட்டிய, பளிச்சென்ற பட்டை போடுங்கள். தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, பொம்மைகள் நடைபாதையில் வேண்டாம். உணவு வைக்கும் நேரத்தில்தான் பூனை காலைச் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே அதன் கிண்ணத்தை உயர்ந்த ஒரு பலகை மேல் வைத்துவிட்டால் குனியவும் வேண்டாம், நடுக்காலில் பூனையும் இராது.

*கடியும் கீறலும்.* முதியோரின் தோல் மெல்லியது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறு கீறல்கூட நெடுநேரம் கசியும். பூனைக்கடி பார்ப்பதற்கு ஊசி குத்தியதுபோல் இருக்கும், ஆனால் அந்தக் கூரிய பல் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். விரலில் கடித்தால் ஒரே நாளில் வீங்கிவிடக்கூடும். எந்தக் கடியானாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் உள்ள நாடுகளில் இதில் யோசிக்க இடமே இல்லை. பிராணியின் தடுப்பூசியை நாள் தவறாமல் போடுவது முதியவருக்கே பாதுகாப்பு.

*தொற்று.* நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை மருத்துவரிடம் பேச வேண்டும். பூனைக் கழிவில் வெளிவரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்வது அதனால்தான். பறவைக் கூண்டில் காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து நுரையீரலில் தொற்றை உண்டாக்கலாம். கூண்டுத் தாளை நனைத்த பிறகு எடுத்தால் தூசி எழாது. ஆமைகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற கிருமியைச் சுமக்கும் என்பதால், தொட்டபின் கை கழுவியாக வேண்டும்.

*மருந்துப் பெட்டி.* இந்த ஆபத்து எதிர்த்திசையில் வருவது: முதியவரால் பிராணிக்கு. பல மாத்திரைகள் சாப்பிடும், கை நடுங்கும் ஒருவரிடமிருந்து ஒரு மாத்திரை தரையில் விழுவது சாதாரணம். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும், அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பலர் நினைத்தே பார்க்காதது தோலில் பூசும் மருந்துகளை. ஃப்ளர்பிப்ரோஃபன் என்ற வலிக் களிம்பை உரிமையாளர் தன்மேல் பூசியிருந்த வீடுகளில் பூனைகள் இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரிக்கை விடுத்தது. முடி வளரப் பூசும் மினாக்ஸிடில் பூனைக்கு விஷம். சில தோல் நோய்களுக்குப் பூசும் ஃப்ளூரோயுராசில் களிம்பை நாய் நக்கினால் உயிர் போகலாம். களிம்பு பூசிய இடத்தைத் துணியால் மூடுவதும், மாத்திரைகளை ஒரு தட்டின் மேல் வைத்தே எடுப்பதும், பூசிய கையைக் கழுவிய பிறகே பிராணியைத் தொடுவதும் பழக்கமாக வேண்டும். முக்கியமாக, தனக்கு எழுதிக்கொடுத்த மருந்தை இரக்கப்பட்டுப் பிராணிக்குக் கொடுக்கக் கூடாது.

கைகொடுக்கும் சிறு மாற்றங்கள்

சுமையைச் சிறிதாக்குவது முதல் வேலை. பத்துக் கிலோ உணவு மூட்டையை, உதவிக்கு வருபவர் வாராவாரம் ஒரு கிலோ டப்பாக்களில் பிரித்துவைத்துவிட்டுப் போகலாம். மீன் தொட்டி வைத்திருப்பவர் நினைவில் கொள்ள வேண்டியது, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது. வாளிக்குப் பதில் குழாய் வைத்து இறக்கினால் தூக்கும் வேலையே இல்லை. நீண்ட கைப்பிடியுள்ள அள்ளுகருவி, ஒரு பக்கம் தாழ்ந்த மணல் தட்டு, நாய் தானே ஏறிக்கொள்ளச் சாய்வுப் பலகை ஆகியவையும் உதவும். வயதான பிராணிக்கும் மூட்டுவலி உண்டு என்பதால், அந்தச் சாய்வுப் பலகை இருவருக்கும் ஆகும்.

நகம் வெட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் வெளியாளிடம் விடுவதில் தயக்கம் வேண்டாம். வளர்ந்த நகம்தான் மெல்லிய தோலைக் கிழிக்கிறது.

மறதி தொடங்கியவர்களின் நிலை தனி. அவர்களிடம் பிராணி பட்டினி கிடப்பது மட்டுமல்ல, மூன்று தடவை சாப்பிட்டுக் கொழுப்பதும் உண்டு. வைத்தது மறந்துபோய் மறுபடி வைக்கிறார்கள், பிராணியும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இதற்கு எளிய வழி: ஒரு நாளைக்கான உணவைக் காலையிலேயே ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிடுவது. டப்பா காலியென்றால் அன்றைய சாப்பாடு முடிந்தது. தன் மருந்து நேரத்தையும் பிராணியின் உணவு நேரத்தையும் ஒன்றாக்கிவிட்டால், பூனை வந்து முட்டும்போது மாத்திரையும் நினைவுக்கு வரும். மறதி முற்றி, கிண்ணத்தில் தண்ணீர் இல்லாமல் போகும் நிலை வந்தால், அப்போது கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். பிராணிக்காக மட்டுமில்லாமல் அவருக்காகவும்.

எழுதி வைக்க வேண்டியவை

முதியவர் திடீரென ஆம்புலன்ஸில் போகிறார். கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. இது நடக்காமலிருக்க, இன்றே செய்யக்கூடியவை இவை:

1. பணப்பையில் ஓர் அட்டை: “என் வீட்டில் பூனை தனியாக இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்.” பிரிட்டனில் டாக்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இப்படியான அட்டைகளை வழங்குகின்றன. கையால் எழுதிய அட்டையும் அதே வேலையைச் செய்யும்.
2. சாவி வைத்திருக்கும் ஒருவர். அவர் பிராணிக்குப் பழகியவராக இருக்க வேண்டும்.
3. இரண்டு பொறுப்பாளர்கள். ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர். “பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்ற அனுமானம் போதாது, வாய்விட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும்.
4. ஒரு பக்கக் குறிப்பு: என்ன உணவு, எவ்வளவு, என்ன மருந்து, தடுப்பூசித் தேதிகள், கால்நடை மருத்துவர் யார், எதற்குப் பயப்படும், எங்கே ஒளிந்துகொள்ளும். கடைசி இரண்டும் அந்நியர் ஒருவர் பயந்த பூனையைத் தேடும்போது மிகவும் தேவைப்படும்.
5. உயிலில் ஏற்பாடு. பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் பிராணி ஓர் உடைமை. அதன் பெயரில் சொத்து எழுத முடியாது. ஒருவரிடம் பிராணியையும் அதன் பராமரிப்புக்கான தொகையையும் சேர்த்து ஒப்படைக்கலாம். அமெரிக்காவில் பிராணிக்கென்றே அறக்கட்டளை அமைக்க 50 மாநிலங்களிலும் வழி உண்டு. கடைசியாக 2016இல் மின்னசோட்டா சேர்ந்தது. உயில் படிக்கப்படுவதற்கு வாரங்கள் ஆகும், பசி அதுவரை காத்திருக்காது. அதனால்தான் முதல் நான்கும் வேண்டும்.

இந்த வயதில் புதிதாக ஒன்று வாங்கலாமா

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டு வாழ்வது சாதாரணம். 75 வயதில் குட்டியாக எடுத்தால், அதன் முதுமையில் இவருக்கு 90. பெரிய கிளி இனங்களும் ஆமைகளும் பல பத்தாண்டுகள் வாழும், ஆகவே இவரைத் தாண்டி வாழ்வது கிட்டத்தட்ட உறுதி. நாய்க்குட்டி அழகுதான், அதற்கு முதல் ஓராண்டில் தேவைப்படும் ஓட்டமும் பயிற்சியும் இளையவரையே களைக்கச் செய்யும்.

வளர்ந்த பிராணிதான் பொருத்தம். ஏழெட்டு வயதான, குணம் தெரிந்த, அமைதியான பூனையோ சிறிய நாயோ காப்பகங்களில் எப்போதும் இருக்கும். வயதானது என்பதாலேயே அவற்றைப் பலரும் எடுப்பதில்லை. இன்னும் நல்ல ஏற்பாடு, தற்காலிக வளர்ப்பு: பிராணி காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும், முதியவர் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பார், முடியாத நாளில் அது காப்பகத்துக்குத் திரும்பும். எதிர்காலக் கவலையை நீக்கும் இந்த ஏற்பாடு இன்னும் பரவலாகத் தெரியாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

தனியாக இருக்கிறாரே என்று பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் குட்டியை வாங்கிவந்து மடியில் வைப்பது மட்டும் வேண்டாம். அன்பளிப்பு என்ற பெயரில் பதினைந்து ஆண்டுப் பொறுப்பைத் தருகிறோம். கேட்டுவிட்டுத் தருவதே முறை.

இடம் மாறும்போது

முதியோர் இல்லங்கள் பலவற்றில் பிராணிக்கு அனுமதி இல்லை. இது மாறிவருகிறது. 1991இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு முதியோர் இல்லத்தில் பில் தாமஸ் என்ற மருத்துவர் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு சிறு கிளிகள் ஆகியவற்றை ஒருசேரக் கொண்டுவந்தார். இல்லவாசிகளைக் கொல்வது தனிமையும் சலிப்பும் கையறுநிலையும்தான் என்பது அவர் வாதம். பிரான்ஸ் 2024 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டம், இல்லவாசிகள் தங்கள் பிராணியோடு வர உரிமை தருகிறது. பிராணியைப் பராமரிக்க அவரால் இயல வேண்டும், இல்லத்தின் ஆலோசனைக் குழு எதிர்க்காதிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பராமரிக்க இயல வேண்டும் என்ற நிபந்தனை சரியானதே. ஆனால் அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி பழையதுதான்: எந்த வேலை இயலவில்லை, அதை யார் செய்யலாம்?

எல்லா வழிகளும் அடைபட்டு, பிராணியைக் கொடுத்தே ஆக வேண்டிய நாளும் வரும். அப்போது ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். புதிய வளர்ப்பாளர் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வந்து போகட்டும், உணவு வைக்கட்டும். யாரிடம் போகிறது என்பதை முதியவரே தீர்மானிக்கட்டும். போகும்போது அவர் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றும் அதன் பழைய படுக்கையும் கூடப் போகட்டும். பழகிய வாசனை இருந்தால் அது சீக்கிரம் உணவெடுக்கும். அதன் பிறகு வாரம் ஒருமுறை அவரைத் தொலைபேசியில் அழைத்து, அது எங்கே தூங்குகிறது, என்ன சாப்பிட்டது, இன்னும் பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறதா என்று சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சங்கடப்பட்டு அவர் கேட்காமலே இருப்பார். நாமாகத்தான் சொல்ல வேண்டும்.